கால் அங்குலம்

பெரியவருக்கு எதுவும் தெரியவந்தது கிடையாது, எல்லாம் தோன்றும். மழை நிற்குமா, பஸ் வருமா, புதிதாகக் குடிவந்தவன் யோக்கியனா, எதைக் கேட்டாலும் கண்ணை மூடிப் புருவங்களுக்கு நடுவே ஆள்காட்டி விரலை வைத்துக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து "தோணுது" என்பார், அல்லது "தோணலை" என்பார். கல்யாணம் அவருக்குக் கடைசிவரை தோன்றவே இல்லை. குடிநீர் ஆபீஸில் சூப்பிரண்டாக இருந்தபோது ஃபைலைப் பிரித்துப் படிக்கமாட்டாராம்; கையில் தூக்கிப் பார்ப்பாராம். கனம் சரியாகத் தோன்றினால் கையெழுத்து. முப்பத்திரண்டு வருஷத்தில் பாதிக்குப் பாதி சரியாகவும் அமைந்துவிட்டது. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

ஓய்வு பெற்றதும் 'உள்ளுணர்வு ஆலோசகர்' என்று ஐந்நூறு விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டார். ஞாயிறுதோறும் அவர் அறையில் கூட்டம். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள், கண்ணை மூடுவார்கள், தேநீர் வந்ததும் திறப்பார்கள். கார்டு மட்டும் நானூற்று எண்பது மிச்சமிருந்தது.

தேநீர் கொண்டுபோகிறவள் அவருடைய தம்பி மனைவி. அவளுக்கு எதுவும் தோன்றாது. ஏற்றுமதிச் சட்டை தைக்கும் கம்பெனியில் அவள் செக்கர். குழல்விளக்குக்கு அடியில், நாளெல்லாம் நின்றபடி, கழுத்து, தோள், கை நீளம், நெஞ்சுச் சுற்று என்று இஞ்சு டேப்பை வைத்து அளப்பது வேலை. காலர் பதினைந்தரை என்றால் பதினைந்தரை. அரைக்கால் அங்குலம் கூடக்குறைய இருக்கலாம். அதைத் தாண்டினால் சிவப்பு ஸ்டிக்கர். பதினோரு வருஷத்தில் அவள் கைதாண்டிப் போன கோணல் சட்டை ஒன்றுகூட இல்லை என்று சூப்பர்வைசரே சொல்லுவார். அளந்துவிட்டால் உலகம் அடங்கிவிடும் என்ற திமிர் அவளுக்கும் கொஞ்சம் இருந்தது. பெரியவர் அவளுக்கு 'அங்குலம்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார். வீடும் தெருவும் அப்படியே கூப்பிட்டன.

அவர்மேல் அவளுக்கு வெறுப்பில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கல்யாணமான புதிதில் வேலைக்குப் போகிறேன் என்று அவள் கேட்டபோது வீடே முறைத்தது. பெரியவர்தான் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "போகட்டும்டா. நல்லாத் தோணுது" என்றார். அளக்கும் வேலை அவளுக்குக் கிடைத்ததே ஒரு தோன்றலால்தான். அதை அவள் மறந்ததில்லை, அவரும் மறக்கவிட்டதில்லை.

அந்த வருஷம் மழை பிடித்த பிடியை விடவில்லை. துணி காயவில்லை, தீப்பெட்டி பற்றவில்லை, யாருக்கும் உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. ஒருநாள் பெரியவரின் அறையைப் பெருக்கும்போது, மேசைக்கு மேலே சுவரில் ஒரு கோடு தெரிந்தது. ஒட்டடை என்று துடைப்பத்தால் தட்டினாள். போகவில்லை. கூரை விட்டத்தில் ஆரம்பித்துத் தரைவரைக்கும் சாய்வாக இறங்கிய விரிசல். தலைமுடி அளவு. டேப்பில் அதற்கு அளவே கிடையாது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

கொத்தனார் வந்து கரண்டிக் காம்பால் சுவரைத் தட்டிப் பார்த்தார். இடப்பக்கம் பொத்துப் பொத்தென்றது. பிறகு பையிலிருந்து விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து, விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சிமென்ட்டால் ஒட்டினார்.

"இது எதுக்குண்ணே?"

"கண்ணாடி அப்படியே இருந்தா இது பழைய காயம், பூசிட்டுப் போயிடலாம். கண்ணாடி உடைஞ்சா சுவர் இன்னும் நகருதுன்னு அர்த்தம். அடியில சாக்கடைக் குழாய் எதாவது உடைஞ்சு மண்ணை அரிக்குதோ என்னவோ. அப்போ ஆளைக் காலிபண்ணிட்டு, விட்டத்துக்கு முட்டுக் குடுத்து, தோண்டிப் பாக்கணும்."

பெரியவர் நாற்காலியில் இருந்தபடியே கேட்டார். "ஏம்பா, உனக்கு என்ன தோணுது?"

"எனக்கு என்னங்க தோணும்? கண்ணாடிதான் சொல்லணும்."

கொத்தனார் போனபின் பெரியவர் தம்பியிடம், "தொழில் தெரியாதவன். ஒரு கேள்விக்குப் பதில் இல்லை பாரு" என்றார்.

ஆறாம் நாள் கண்ணாடி நடுவில் இரண்டாக உடைந்திருந்தது. அவள் பார்த்த நேரம் காலை ஆறரை. மகளின் பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியும் அளவும் எழுதினாள். அன்று மாலை எல்லோரையும் கூட்டி வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். எல்லோரும் என்றால் மூன்று பேர்: பெரியவர், வேன் ஓட்டிவிட்டு அலுத்துவந்த அவள் கணவன், நான்காவது படிக்கும் மகள்.

"மாமா, கண்ணாடி உடைஞ்சிருச்சு. கொஞ்ச நாளைக்கு நீங்க கூடத்துக்கு வந்துருங்க. முட்டுக் குடுத்துருவோம்."

பெரியவர் கண்ணை மூடினார். விரல் புருவத்துக்குப் போயிற்று. வெளியே மழை. கணவன் கொட்டாவியைக் கையால் மறைத்தான்.

"தோணலை," என்றார்.

"என்ன மாமா தோணலை?"

"விழும்னு தோணலை. இந்தச் சுவர் என்கூட இருபத்தாறு வருஷமா இருக்கு. அது விழறதா இருந்தா எனக்குத் தெரியாம இருக்குமா?"

"கண்ணாடி உடைஞ்சிருக்கே, மாமா!"

"உடையும். உடையும்னு நினைச்சே ஒட்டினா உடையத்தான் செய்யும். நீ தினம் காலையில போய் அதையே முறைச்சுப் பாத்துட்டிருந்தே. கண்ணாடி என்ன, கல்லே உடைஞ்சிருக்கும்."

"நான் பாத்ததால சுவர் நகர்ந்துச்சா?"

"நகர்ந்துச்சுன்னு நீ சொல்றே. நகரலைன்னு நான் உணர்றேன். நீ சொல்றது உன் டேப்புக்கு உண்மை. நான் சொல்றது எனக்கு உண்மை." தம்பியைப் பார்த்துத் திரும்பினார். "உனக்கு எப்படிடா தோணுது?"

"அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றான் அவன். பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவ சொல்றதும் சரிதான்" என்று சேர்த்துக்கொண்டான். ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஒடித்துப் பழகிய கை.

"பாப்பா, உனக்கு?"

மகள் பெரியப்பாவைப் போலவே கண்ணை மூடி, புருவத்தில் விரலை வைத்தாள். "தோணலை பெரியப்பா."

"ரெண்டரைக்கு ஒண்ணரை," என்றார் பெரியவர். வீடு அவர் பெயரில் இருந்தது, அறை அவருடையது, முடிந்தது கூட்டம்.

மறுநாள் அவள் கம்பெனியிலிருந்து வரும்போது விரிசலுக்குக் குறுக்கே வேறு ஒன்று ஒட்டியிருந்தது. கணவன் செய்த சமாதானம். மகளுடைய ஆறு அங்குல பிளாஸ்டிக் ஸ்கேல்.

"கண்ணாடிதானே உடையுது? இது உடையாது. வளைச்சுப் பாத்துட்டேன்," என்றான்.

"உடையணும்னுதானேய்யா கண்ணாடியை ஒட்டுறது!"

"தினம் ஒண்ணு உடைஞ்சு, தினம் ஒரு சண்டை. வேணுமா நமக்கு?"

அந்த ஞாயிறு வந்தவர்களிடம் பெரியவர் ஸ்கேலைக் காட்டினார். "பாருங்க, ஒரு கீறல் இருக்கா?" பன்னிரண்டு பேரும் குனிந்து பார்த்து, இல்லை என்றார்கள். ஒருவர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. ஆனாலும் கோடு கண்ணை உறுத்தியது. இப்போது விரல்நகம் நுழையும் அகலம். ஆலோசகர் தலைக்குப் பின்னால் விரிசல் இருப்பது பார்க்க நன்றாக இல்லை. எனவே பெரியவர் தம் ஓய்வுநாள் குரூப் போட்டோவை அதன்மேல் மாட்டச் செய்தார். முப்பத்தேழு பேர், நடுவில் மாலையோடு அவர். நாலடி அகலப் படம். ஒரு ஆணி தாங்காது. விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு ஆணி அடித்தான் தம்பி. கோடு மறைந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலை பெரியவர் கத்தினார். "யாரு என் படத்தைச் சாய்ச்சது?"

படம் இடப்பக்கம் லேசாக இறங்கியிருந்தது.

"யாரும் தொடலை மாமா. இடது ஆணி இருக்கிற பக்கம் சுவர் இறங்குது. அதான்."

"சுவர்மேல பழி போடாதே. பெருக்கும்போது துடைப்பம் பட்டிருக்கும்." ஒரு கார்டை எடுத்து நாலாக மடித்து, இடது கொக்கிக்கும் ஆணிக்கும் நடுவில் செருகினார். படம் நேரானது. மறுநாள் மறுபடி சாய்ந்தது. இன்னொரு கார்டு. அதற்கு மறுநாள் இன்னொன்று. இத்தனை நாளாக யாருக்கும் தேவைப்படாத விசிட்டிங் கார்டுகள் தினம் ஒன்றாகச் செலவாகத் தொடங்கின. பெரியவர் முகத்தில் சந்தேகம் குடியேறியது. காபி கொண்டுபோனால் டம்ளரைப் பார்க்காமல் அவள் கையைப் பார்த்தார்.

"பொறாமைன்னு ஒண்ணு இருக்கு பாரு," என்று தம்பியிடம் சொன்னது சமையலறைக்குத் தெளிவாகக் கேட்டது. "அதுக்கு ஸ்கேலே கிடையாது."

அவள் ஒரு நூலில் சட்டைப் பொத்தானைக் கட்டி, சாய்வை அளக்கும் தூக்குநூலாகப் படத்தின் ஓரமாகத் தொங்கவிட்டாள். செருகிய கார்டுகளை எண்ணினாள். நோட்டில் எழுதினாள். கோடு அரைக்கால் அங்குலம். அரைக்காலுக்குச் சற்று மேல். கால் அங்குலம். அரைக்கால் தாண்டினால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிப் பழகிய விரலுக்கு இங்கே எதில் ஒட்டுவது என்று தெரியவில்லை. ராத்திரி புரண்டு படுப்பாள். பகலில் அளந்த சட்டையையே மறுபடி அளப்பாள்.

கம்பெனியிலும் அந்த வாரம் ஒரு கூத்து. வெளியூரிலிருந்து சரக்கு வாங்குகிறவர் வந்திருந்தார். எண்ணூறு சட்டையும் அவள் அளந்து பாஸ் பண்ணியவை. அவர் ஒரு சட்டைக் கையை இரண்டு விரலால் நிமிண்டினார். முகத்தைச் சுளித்தார். "ஏதோ குறையுது," என்றார்.

"எந்த அளவு சார்?" என்றாள் அவள்.

"அளவு எல்லாம் சரி. ஃபீல் இல்லை."

எண்ணூறும் திரும்பிப் பெட்டிக்குள் போயின. சூப்பர்வைசர் அவளை ஆறுதலாகப் பார்த்து, "உன் மேல தப்பில்லைம்மா. மறுபடி இஸ்திரி போட்டு, பெட்டியை மாத்தி அனுப்புவோம். அடுத்த தடவை ஃபீல் வந்துரும்" என்றார். வந்தும்விட்டது. அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவளைத் தின்றது வேறு. மகள் தினமும் மாலையில் வீட்டுப்பாடம் எழுதுவது பெரியப்பாவின் மேசையில், அந்தப் படத்துக்கு நேர் கீழே. கூடத்தில் எழுது என்றால் கேட்கமாட்டாள். பெரியப்பா கணக்குக்கு விடை "தோணுது" என்று சொல்லித் தருவார், அது சௌகரியம். அவள் ஒருநாள் மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பெரியவர் அன்று சாப்பிடவில்லை.

"பிள்ளையை அண்ணன்கிட்டயிருந்து பிரிக்கிறியா?" என்றான் கணவன். "அவருக்கு வேற யாரு இருக்கா?"

"நான் சுவர்கிட்டயிருந்துதான்யா பிரிக்கிறேன்."

"அவர் மனசு எவ்வளவு புண்படும்னு யோசிச்சியா?"

"மனசு புண்பட்டா ஆறும். மண்டை?"

"உனக்கு எல்லாத்துலயும் அளவு. மனுஷன் என்ன சட்டையா?"

மறுநாள் அவள் வேலையில் இருக்கும்போது மகள் மறுபடி அந்த மேசைக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை வேலைக்குப் போகிற வழியில் கொத்தனாரைப் பிடித்து, நோட்டைக் காட்டினாள். அவர் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, இது நகரலை, நடக்குது. நாலு நாள் தாங்கலாம். நாளைக்கே போனாலும் போகும். இந்த மழையில என்னால தேதி குறிச்சுத் தர முடியாது."

நாளை ஞாயிறு. அதுவும் கூட்டத்தின் முதலாண்டு நிறைவு. முப்பது பேர் வருவதாகப் பேச்சு. மேசையை ஓரம் தள்ளி அந்தச் சுவரை ஒட்டியே நாற்காலி போட ஏற்பாடு. மத்தியானத்தோடு லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். பெரியவர் பின்கட்டில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். மழை லீவுக்கு ஈடாக அன்றும் பள்ளி இருந்தது, மகள் இன்னும் வரவில்லை. கணவன் நாற்காலி எடுக்க வேனோடு போயிருந்தான். அவள் அறை நடுவில் நின்றாள். முப்பத்தேழு பேர் அவளைப் பார்த்தார்கள்.

இடது கொக்கிக்கு அடியில் இருந்த கார்டுகளை ஒவ்வொன்றாக உருவினாள். பதினொன்று. படம் சடசடவென்று இறங்கி முக்கால் அங்குலம் சாய்ந்து நின்றது. அதில் பொய் ஒன்றும் இல்லை. இத்தனை நாளும் சுவர் இறங்கிய இறக்கம் அது. கார்டு மறைத்ததை அவள் காட்டினாள், அவ்வளவுதான்.

ஆனால் முக்கால் அங்குலம் போதுமா? அவளுக்குப் போதும். அரைக்கால் அங்குலமே போதும். மற்றவர்களுடைய கண் அந்த அளவுக்குப் பழகியதில்லை. அவள் பின்கட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, சட்டத்தின் இடது மூலையில் பெருவிரலை வைத்து அழுத்தினாள். ஆணி, வெண்ணெயில் செருகியதுபோல, எதிர்ப்பே இல்லாமல் இறங்கியது. சுண்ணாம்புப் பொடி அவள் புறங்கையில் கொட்டியது. கால் அங்குலம். பொடியை அவசரமாகத் துடைத்துக்கொண்டாள். பயத்திலா, வெட்கத்திலா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

நாலு மணிக்கு ஓய்வூதியர் சங்கச் செயலாளர் நாற்காலிகளை எண்ணிப்போக வந்தார். பெரியவருக்குக் கீழே வேலை பார்த்தவர். முப்பத்தேழில் கடைசி வரிசையில் பாதி முகம் மட்டும் தெரிகிறவர். பெரியவர் சவரம் பண்ணிய முகத்தோடு வரவேற்றார். செயலாளர் உள்ளே கால் வைத்ததும் நின்றார். தலையை ஒருபக்கம் சாய்த்தார். இன்னும் கொஞ்சம் சாய்த்தார்.

"என்ன சார், சரிஞ்சிட்டீங்களே!"

"எங்கே?"

"படத்துலதான். ஆனா பாருங்க, நீங்க இறங்க இறங்க நான் மேலே வந்துட்டேன். வலது மூலையில நான்தான் இப்போ உசரம்." வாய்விட்டுச் சிரித்தார்.

பெரியவர் படத்தைப் பார்த்தார். கொக்கியைப் பார்த்தார். கார்டு ஒன்றுகூட இல்லை. மெதுவாகத் திரும்பி, சமையலறை வாசலில் நின்ற தம்பி மனைவியைப் பார்த்தார்.

"நீதானே?"

அவள் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கேள்விக்கு அளந்து பதில் சொன்னாள். "கார்டை நான்தான் எடுத்தேன் மாமா. படத்தைச் சாய்ச்சது சுவர்."

"கேட்டியா?" என்றார் செயலாளரைப் பார்த்து. குரல் உடைந்தது. "கேட்டியா? என் பேர் போட்ட கார்டு. உருவிப் போட்டிருக்கா. ஒரு வருஷம் இந்த அறையில உக்காந்து ஊருக்கே நல்லது சொன்னேன். இங்க என் படத்துக்கே மரியாதை இல்லை. இனி ஒரு நிமிஷம் இந்த அறையில இருக்கமாட்டேன்."

"மாமா..."

"பேசாதே. டேய்!" தம்பி நாற்காலிகளோடு அப்போதுதான் வாசலில் வந்து நின்றான். "கட்டிலைத் தூக்கு. மேசையைத் தவிர எல்லாத்தையும் கூடத்துக்குக் கொண்டா. படத்தை இறக்கு. கூட்டம் நாளைக்குச் சங்கத்துல நடக்கும். பாப்பா இந்தப் பக்கம் வரக்கூடாது. இந்த அறைக்குப் பூட்டுப் போடு. அவமானப்பட்ட இடம்!"

கண்ணாடி உடைந்து, கொத்தனார் சொல்லி, நோட்டுப் பக்கம் நிரம்பி நடக்காத காரியம் இருபது நிமிஷத்தில் நடந்து முடிந்தது. அவள் அழுதாள். திட்டு வாங்கியதற்காக அழுகிறாள் என்று கணவன் நினைத்து, தோளைத் தட்டி, "விடு, அண்ணன் மனசு அப்படி" என்றான். பூட்டைச் சாவி போட்டுத் திருப்பிய சத்தம் கேட்டபிறகு அழுகை நின்றது.

திங்கட்கிழமை காலை பத்தேமுக்காலுக்குச் சுவர் விழுந்தது. மகள் பள்ளியில், அவள் கம்பெனியில், கணவன் வேனில். பெரியவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முதலில் ஏதோ மூட்டை சரிவதுபோல ஒரு சத்தமாம், பிறகு விட்டம் முறிகிற சத்தமாம். பூட்டிய கதவின் அடியிலிருந்து தூசி, புகைமாதிரி கூடத்துக்கு வந்ததாம். மேசை பலகை பலகையாகக் கிடந்தது. பிளாஸ்டிக் ஸ்கேல் மட்டும் ஒரு செங்கல்லில் ஒட்டியபடி, கீறல் விழாமல் முழுசாக இருந்தது.

அவள் வந்து சேர்ந்தபோது வாசலில் தெருவே நின்றது. நடுவில் பெரியவர். தலைமுடியெல்லாம் தூசி. குரல் மட்டும் தேறிவிட்டது.

"சனிக்கிழமை சாயங்காலம். என்னவோ உள்ளே உதைச்சுது. இனி ஒரு நிமிஷம் இந்த அறையில இருக்காதேன்னு. என் வாயாலயே சொன்னேன், செயலாளர் சாட்சி."

"ஆமா, ஆமா," என்றார் செயலாளர். "அந்த வார்த்தையையே சொன்னார். எனக்கு அப்பவே மயிர்க்கூச்செறிஞ்சுது."

"சார், எங்க வீட்டுல மாடிப்படிகிட்ட ஒரு விரிசல்," என்றார் கூட்டத்தில் ஒருவர். "ஒரு தடவை வந்து உணர்ந்து பாத்துச் சொல்லணும்."

பெரியவர் சட்டைப்பையிலிருந்து ஒரு கார்டை எடுத்துக் கொடுத்தார். இன்னொருவரும் கை நீட்டினார். அன்று மட்டும் அறுபது கார்டு போயிற்று.

கணவன் அவளருகே வந்து மெதுவாகச் சொன்னான். "நீயும் முன்னாடியே சொன்னே, இல்லை?"

"சொன்னேன்."

"அண்ணனுக்கும் தோணிருச்சு பாரேன்."

சாயங்காலம் கூடத்தில் படத்தை மாட்டினார்கள். பெரியவர் தள்ளி நின்று பார்த்தார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் அந்தச் சின்னக் கையை விடாமல் இறுக்கிப் பிடித்திருந்ததை அங்குலம் கவனித்தாள். மேசை கிடந்த கோலத்தை அவரும் பார்த்திருக்கிறார்.

"அங்குலம், நேரா இருக்கா பாரு," என்றார். அவள் டேப்பை எடுக்கப் போனாள். "டேப் வேண்டாம்மா. சும்மா பாத்துச் சொல்லு. உனக்கு எப்படித் தோணுது?"

அவள் பார்த்தாள். "வலது பக்கம் ஒரு நூல் இறங்கியிருக்கு மாமா."

"எனக்கும் அதான் தோணுச்சு," என்றார் பெரியவர், உடனே.

மாடிப்படி விரிசல்காரருக்கு அவள் அடுத்த நாளே கொத்தனார் கையில் ஒரு கண்ணாடித் துண்டு கொடுத்தனுப்பினாள், பெரியவர் உணர்ந்து அனுப்பியதாக. அவர் அதைப் பக்தியோடு ஒட்டிக்கொண்டாராம். தினமும் பார்க்கிறாராம்.

நோட்டில் கடைசி அளவு பாக்கியிருந்தது. சோறு வடித்துவிட்டு உட்கார்ந்து, சனிக்கிழமைத் தேதிக்கு நேராக எழுதினாள்: படத்தின் சாய்வு ஒரு அங்குலம். எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த நோட்டை யாரும் கேட்கப்போவதில்லை. கேட்டாலும் படிக்கமாட்டார்கள், தூக்கித்தான் பார்ப்பார்கள். இருந்தாலும் பேனாவைத் திறந்து பக்கத்தில் சின்னதாகச் சேர்த்தாள்.

'இதில் கால் அங்குலம் என் விரல்.'